உள்பக்க ஈரம்

பூட்டிக் கிடந்த வேனின் கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருந்தது.

ஷெட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு தேநீர் டம்ளரோடு வந்த பஸ்ஸக்கா, முதலில் அதை வெளியீரம் என்றுதான் நினைத்தாள். மலையடிவாரத்து ஊர், விடாமழை மாதம். கொடியில் காயப்போட்ட துண்டு மறுநாள் காலையில் முன்னைவிடக் கனமாக இருக்கிற காலம். கைத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்தாள். துணி காய்ந்தபடியே இருந்தது. விரலால் கோடு இழுத்தாள். விரல் கிறீச்சென்று போனது, கோடு விழவில்லை. ஈரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதுவும் முழுக்க இல்லை. பின்பக்கத்து நீளக் கண்ணாடியில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே ஒரு வட்டம்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த வட்டம். பாதி ஆயுள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பிள்ளைகள் ஜன்னலில் வாயை வைத்து ஊதி, அதில் மூக்கும் மீசையும் வரைந்து, இறங்கும்போது முழங்கையால் அழித்துவிட்டுப் போவதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு கண்ணால் பார்த்தபடியே வண்டி ஓட்டியவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் சொந்தப் பெயர் தெரியாது; பஸ்ஸக்கா என்றால் தெருநாய்கூட வாலாட்டும். ஒரு வாய் ஊதாமல் அப்படி ஒரு வட்டம் விழாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாவி அவள் சட்டைப்பையில் இருந்தது. மாற்றுச்சாவி என்று ஒன்று கிடையாது.

கதவைத் திறந்தாள். பழைய டீசல், துரு, நேற்று அறுத்த பலகை என்று வழக்கமான வாசனைதான். ஆள் இல்லை. ஒளிய இடமும் இல்லை. பின் இருக்கைகளைக் கழற்றிப் போட்ட பிறகு அது வெறும் தகரப் பெட்டி. குனிந்து உள்ளே போய் வட்டத்தின்மேல் கையை வைத்தாள். ஈரம் வெதுவெதுவென்றிருந்தது.

"சரி, இருந்துட்டுப் போ," என்று அதைத் துடைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தாள். வேலை தலைக்கு மேல் கிடந்தது.

அந்த வேனை அவள் வாங்கியதே ஊருக்குப் பெரிய வேடிக்கை. நில அளவைக்காரர்களைச் சுமந்துகொண்டு காடுமேடெல்லாம் ஏறி இறங்கி, வயதானதும் ஏலத்துக்கு வந்த வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் இறங்கினால் போடுவதற்கென்று பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கியர், தாய்க்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைபோல. இதில் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு, மலையைத் தாண்டி, அதற்கப்பால் இருக்கும் வறண்ட மேட்டுநிலத்தைத் தாண்டி, உப்புப் பாலையைக் கடந்து, வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஒரு கடலுக்குப் போவதாக இருந்தாள். காலையில் போன பாதையிலேயே சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தவளுக்குத் திரும்பாத பாதை ஒன்று வேண்டியிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டில் ஏறிக்கொண்டது வேறொரு வேலை. புருஷனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. படுக்கவும் முடியாமல், தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வருஷக்கணக்கில் கிடந்தார். காற்றைக் கொடுக்கும் இயந்திரம் அறை மூலையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கட்டில் காலடியில் படுத்து, இருட்டில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் ஒன்று விட்டால்தான் இவள் ஒன்று விடுவாள். அவர் போனதும் அழுகைக்கு முன்னால் தூக்கம்தான் வந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேனை வாங்கினாள்.

இப்போது தங்கைக்கு ஒரு யோசனை. அவள் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு, எழுந்திருக்க மாட்டார் என்றாகிவிட்டது.

"எங்க வீட்டுல இடம் ஏதுக்கா? இங்க ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு. மழை விட்டதும் கூட்டிட்டு வந்துடறோம்."

"கூட்டிட்டு வந்து?"

"நீ பாத்துக்கமாட்டியா என்ன. உனக்குத்தான் பழக்கமாச்சே."

பழக்கம். மாட்டுக்கு நுகத்தடி பழக்கம் என்பதுபோலத் தங்கை அதை அத்தனை பிரியமாகச் சொன்னாள்.

"நான் போயிடுவேன்டி."

"தனியாவா?"

"ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு சக்கரம் வருதே. பேச்சுத் துணைக்குப் போதும்."

தங்கை சிரிக்கவில்லை. சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று நம்புகிற முகம் அவளுக்கு. ஆகவே கணக்கு எளிமையாக இருந்தது: மழை விட்டால் மலைப்பாதை திறக்கும், மழை விட்டால் கட்டிலும் வரும். அதற்குள் வண்டி முடிந்தாக வேண்டும்.

வட்டம் மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

"பலகை பச்சையா இருக்கு," என்றார் உள்வேலைக்கு வந்துகொண்டிருந்த தச்சர். காதில் பென்சிலும் வாயில் ஆணியுமாக, வேலையைவிடப் பேச்சில் வேகமானவர். "மூடி வெச்ச வண்டியில பச்சைப் பலகை மூச்சு விடும். அதுவும் உங்கள மாதிரிதான், அடக்கி வெச்சா வேர்க்கும்."

"என்ன மாதிரின்னா அது ஆணியைத் துப்பும்."

அவர் சொன்னதை ஒப்புக்கொண்டாள். காரணம் ஒன்று கிடைத்தால் அதைச் சரிசெய்யலாம். அதுதான் அவள் வழி. வெயிலும் குளிரும் புகாமலிருக்க வண்டியின் விலா எலும்புகளுக்கு நடுவே கம்பளி அட்டையைத் திணித்தாள். அதற்கு மேல் வெள்ளித்தாள், அதற்கு மேல் பிளைவுட். பாலையில் தூசி கோதுமை மாவுபோலப் பறந்து ஊசித் துளையிலும் புகும் என்று படித்திருந்ததால், கதவு விளிம்பு, ஒயர் நுழையும் ஓட்டை, பழைய திருகாணிப் புரை எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்தாள். முடித்துவிட்டுக் கதவைச் சாத்தியபோது காதில் ஒரு அழுத்தம் விழுந்தது. மழைச் சத்தம் சட்டென்று தூரத்து வீட்டுக்குப் போனதுபோலிருந்தது. எறும்பு கொட்டாவி விட்டாலும் வெளியே போகாது. வேலையில் அவளுக்கே ஒரு பெருமை.

படுக்கைச் சட்டத்தை இடப்பக்கச் சுவரோரம் பொருத்தினார்கள். மறுநாள் காலையில் வட்டம் கண்ணாடியில் இல்லை. படுக்கையின் தலைமாட்டில், புதுப் பிளைவுட்டின் மேல், ஈரக் கறையாக இருந்தது.

அவள் படுக்கையைக் கழற்றி வலப்பக்கத்துக்கு மாற்றினாள். கறை வலப்பக்கம் வந்தது. தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பினாள். கறையும் திரும்பியது. எங்கே தலை வைக்க இடமிருக்கிறதோ, அங்கே. தச்சர் அன்று ஆணியை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தார்.

தங்கை கேள்விப்பட்டதும் வந்து ஷெட்டு வாசலோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தான்தான்க்கா. உன்னை விட்டுப் போக மனசில்ல. நீயும் போகாத."

அந்த எண்ணம் பஸ்ஸக்காவுக்கும் வந்திருந்தது. வந்து, ஒரு பக்கம் ஆறுதலாகக்கூட இருந்தது. முரட்டு ஆசாமிதான், ஆனால் தெரிந்த ஆசாமி. இருபுறமும் ஆளில்லாத நெடுஞ்சாலையில் அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஹாரன் அடிக்கத் தெரியாதா என்று சிடுசிடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் மதியம், மழை தகரக் கூரையில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, அவள் வேனுக்குள் போய்க் கதவை இழுத்து மூடிக்கொண்டு எதிர்ப்பக்கப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாகச் சாம்பல் வெளிச்சம் வந்தது. பசையின் புளித்த வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது: ரொம்ப நேரம் மூடியே இருந்து திறந்த வாயின் வாசனை. மழைச் சத்தம் தேய்ந்தது. அவள் ரத்தம் காதில் ஓடும் சத்தம் தேய்ந்தது.

அப்புறம் கேட்டது.

அவர் மூச்சை அவளுக்குத் தெரியும். மரம் அறுக்கும் ரம்பம் பாதியில் சிக்கிக்கொள்வதுபோல, குட்டையாக, முடிவில் சின்ன விசிலோடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அவள் வருஷங்களைக் கழித்திருந்தாள். இருட்டில் ஆயிரம் பேர் மூச்சு விட்டாலும் அவருடையதைப் பொறுக்கி எடுத்துவிடுவாள்.

இது நீளமாக இருந்தது. ஆழமாக. அவசரமே இல்லாமல். நோய்நொடி அறியாத நுரையீரல் ஒன்று காலியாக இருந்த படுக்கையின் தலைமாட்டில் நிரம்பியது. நிரம்பிக்கொண்டே போனது. எந்த மனுஷ நெஞ்சும் கொள்ளாத அளவுக்கு நிரம்பி, நின்று, அதே நிதானத்தில் வெளியே விட்டது. அவள் முகத்தில் வெதுவெதுப்பு பட்டது.

அவர் இல்லை.

கதவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் ஓடினால் எங்கே ஓடுவது? வீட்டுக்குள். வீட்டுக்குள் ஒரு அறை காலியாகக் கிடந்து, பழக்கமானவளுக்காகக் காத்திருந்தது. அந்த நினைப்பில் பயத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்தது.

"யாரா இருந்தாலும் கேட்டுக்க," என்றாள். குரல் பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்களை அடக்கும் குரலாகவே வந்தது. "இது என் வண்டி. இன்னொருத்தர் மூச்ச எண்ணிக்கிட்டு உக்காந்திருந்த காலம் முடிஞ்சுபோச்சு. இருக்கறதுன்னா சத்தமில்லாம இரு. இல்ல, எறங்கு."

மூச்சு நின்றது. போய்விட்ட நிற்றல் இல்லை அது. பேசுகிறவளைக் கவனிக்கிற நிற்றல்.

அன்று சாயங்காலமே வேன் கூரையை அறுத்தாள். தகரம் அலற அலற, தச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்க, சதுரமாக வெட்டி எடுத்துக் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்தினாள். அடைத்ததுதான் தப்பு; திறந்துவிட்டால் எதுவும் போய்விடும். விசிறி சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஓட்டைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். இழுத்தால் மேலே எழும்பும்.

எழும்பியது. அவளுக்கு மனம் லேசானது. விசிறியை அணைத்தாள்.

காகிதம் கீழே இறங்கியது. மேலே எழும்பியது. இறங்கியது. எழும்பியது.

காற்றுதான் என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். ஷெட்டில் சிலந்தி வலைகூட அசையவில்லை. மறுபடி உள்ளே வந்து நின்றாள். எழும்பல், இறங்கல். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது அவள் மூச்சோடு ஒத்துப்போகிறது. அட மடச்சி, உன் மூச்சுதான் பட்டு ஆடுகிறது என்று சிரிப்பு வந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள மூச்சை அடக்கினாள். காகிதம் நின்றது. சரிதான். இன்னும் கொஞ்சம் அடக்கினாள். காகிதம் அப்படியே நின்றது.

பிறகு காகிதம் எழும்பியது.

அவள் நெஞ்சு அதன் பின்னால் விரிந்தது.

இவள் விரிக்கவில்லை. காகிதம் இறங்கியது, அவளிடமிருந்து மூச்சு வெளியேறியது. முதலில் காகிதம். அப்புறம் அவள். முதலில் காகிதம். கீற்றைப் பிடுங்கிக் கசக்கி எறிந்துவிட்டு வெளியே வந்து மழையில் நின்றாள். அங்கே மூச்சு அவளுடையதாக இருந்தது. இருந்ததாகத்தான் தோன்றியது.

மறுநாள் அடுப்புப் பலகையின் கடைசித் திருகாணிகளை முடுக்க உள்ளே போன தச்சர், போன வேகத்தில் வந்து படியில் உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு முட்டுதா?" என்றாள்.

"முட்டலக்கா." கழுத்தைத் தடவிக்கொண்டார். "முட்டினா பரவால்ல. எனக்குப் பதிலா வேற யாரோ இழுத்து விடறாங்க."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வித்துடுங்கக்கா. யார் தலையிலயாவது கட்டிடுங்க."

"வித்துட்டு?"

விற்றால் அவளுக்கு மிஞ்சுவது அந்த அறைதான் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எழுந்து போனார். அவருடைய திருப்புளி அடுப்புப் பலகையின்மேல் கிடந்தது. அதை எடுக்க அவர் திரும்பி வரவில்லை. மிச்சத் திருகாணிகளை அவள் முடுக்கினாள். கதவைத் திறந்துவைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு திருகாணிக்கு ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

மழை ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டது.

அவள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தங்கையின் கணவரும் இன்னொரு ஆளும் இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பக்கம் உயர்த்துகிற மாதிரியான கட்டில். அவளிடம் கேட்காமலே இடம் தெரிந்தவர்களாக உள்ளே போனார்கள். பின்னால் தங்கை, கையில் மடித்த விரிப்புகள்.

"மத்தியானம் மாமாவைக் கூட்டிட்டு வந்துடறோம்க்கா. நீ சும்மா இரு, எல்லாம் நாங்களே ஏற்பாடு பண்ணிடறோம். பாத்துக்கறது மட்டும்தான் உனக்கு."

பஸ்ஸக்கா அறை வாசலில் நின்று பார்த்தாள். பழைய கட்டிலின் கால்கள் தரையில் குழிவிட்டிருந்த நாலு தடங்கள். புதுக் கட்டிலின் நாலு கால்களும் அளவெடுத்ததுபோல அவற்றில் இறங்கின. அதன் காலடியில் ஒரு பாய் அகலத்துக்கு வெறுந்தரை. அவள் இடம்.

அங்கே மூச்சு யாருடையது என்பதில் சந்தேகமே இருக்காது.

"வீட்டுச் சாவி மேசை மேல இருக்கு," என்றாள். "ரூம் மட்டும் ஏன், வீட்டையே வெச்சுக்கங்க. மாமனார் உன் மாமனார். பாத்துக்கறதும் நீதான்."

"அக்கா, அந்த வண்டியில என்ன இருக்குன்னு உனக்கே தெரியும்." தங்கை விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நிஜமான பயம்தான். "செத்துப்போயிடுவ."

"இங்க இருந்தா?"

பஸ்ஸக்கா ஷெட்டுக்கு நடந்தாள். ஓட்டுநர் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது, வெதுவெதுவென்று, வரவேற்பதுபோல. ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையைப் பார்க்கவில்லை.

"வர்றியா, வா," என்றாள். "என் பஸ்ல ஏறினவங்க நான் போற எடத்துக்குத்தான் வந்திருக்காங்க. நீயும் அப்படித்தான். ஸ்டியரிங் என் கையில."

சாவியைத் திருகினாள். இஞ்சின் ஒரே முயற்சியில் எழுந்தது.

ஊர் பின்னால் போனது. பள்ளிக்கூட வளைவு வந்தபோது கை தானாக இடப்பக்கம் ஒடிக்கப் பார்த்தது. அவள் நேராக விட்டாள். வீடுகள் குறைந்து, மரங்கள் நெருங்கி, தார் தீர்ந்து செம்மண் தொடங்கியது. மலைப்பாதை. குட்டிக் கியரைப் போட்டதும் நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வின. வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஏறிய சுகத்தில் அவளுக்குப் பாடக்கூடத் தோன்றியது. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் மேகம், மேகத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. நடுப்பகல் வெளிச்சம் வெள்ளையாக இருந்தது.

மேலே ஏற ஏறக் குளிர்ந்தது.

பக்கத்து இருக்கைக்கு நேராக, முன்கண்ணாடியில், வட்டம் வந்தது.

அவள் பார்க்கவே வந்தது. இத்தனை நாளும் விழுந்த பிறகுதான் பார்த்திருந்தாள். இப்போது தெளிந்த கண்ணாடியில் வெள்ளை மலர்ந்தது, ஓரங்கள் சுருங்கின, மறுபடி மலர்ந்தது. நிதானமாக. அவள் ஜன்னலை முழுக்க இறக்கினாள். மலைக்காற்று உள்ளே பாய்ந்தது. வட்டம் காயவில்லை. விசிறியைப் போட்டாள். காயவில்லை. மலர்ந்தது. சுருங்கியது. கொஞ்சம் நகர்ந்தது.

அவள் பக்கமாக.

"உக்காரு எடத்துல," என்றாள். சொல் பாதியில் கரைந்தது. சொல்ல மூச்சுப் போதவில்லை.

இடக்கையால் துடைத்தாள். உள்ளங்கை நனைந்தது. துடைத்த இடத்திலேயே மலர்ந்தது, இன்னும் பெரிதாக. பாதையின் பாதி மறைந்தது. மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. நின்றால் திரும்ப வேண்டியிருக்கும். அவள் கழுத்தை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். எனக்கும் மூச்சு இருக்கு, பார். வாயைக் குவித்து ஊதினாள். பிள்ளைகள் ஊதுவதுபோல.

கண்ணாடி தெளிவாக இருந்தது.

இன்னொருமுறை. அடிவயிற்றிலிருந்து. உதடு கண்ணாடியைத் தொட்டது. குளிர்.

தெளிவாக இருந்தது. புகையில்லை, புள்ளியில்லை. அதன் வழியாகப் பாதையும் பள்ளமும் கழுவிவிட்டதுபோலத் துல்லியமாகத் தெரிந்தன. பக்கத்தில், அவள் ஊதிய ஒவ்வொரு ஊதலுக்கும், அந்த வட்டம் விரிந்திருந்தது.

வாயை இறுக மூடினாள். ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் மூக்கைப் பொத்தினாள். அழுத்தி.

நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

ஆழமாக, அவசரமே இல்லாமல். வண்டி வளைவில் திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கால் மிதியின்மேல் அப்படியே இருந்தது. கண்ணாடியில் வெள்ளை விரிந்தது, சுருங்கியது; மூடிய வாய்க்கும் பொத்திய மூக்குக்கும் கீழே, அதே கணக்கில், அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.